கன்சைன்மென்ட் கணக்கும் கோதுமை மூட்டையும்

லூதியானா பக்கம் மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. வந்த புதிதில் வீட்டில் தினமும் ஒரு புலம்பல். இட்லி அரிசி கிடைக்கவில்லை, மாவு புளிக்கவில்லை, ஜனவரியில் தயிர்கூட உறைய மாட்டேன் என்கிறது... இப்போது எல்லாம் பழகிவிட்டது. பையனுக்குக் காலையில் ஆலு பரோட்டா இல்லாவிட்டால் முகம் சுருங்குகிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் நெல்லைத் தவிர வேறு தானியம் பார்க்காத குடும்பத்தில் பிறந்தவன் வீட்டில் இன்றைக்கு மாதம் இருபது கிலோ கோதுமை மாவு செலவாகிறது. வடக்கே இருக்கும் நம்மவர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

அதனால் கோதுமையைப் பற்றி ஒரு பதிவு எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது. பயப்படாதீர்கள், சமையல் குறிப்பு இல்லை. விலை பற்றிய பழைய கதை. அரசாங்கம் ஒன்றே வாங்கும், வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டால் விவசாயி என்ன செய்வான் என்கிற கதை.

எங்கள் கிளைக்கு ஒரு சர்தார்ஜி வருவார். எழுபதைத் தாண்டியவர். மற்றவர்கள் எல்லாம் என்னை 'மேனேஜர் சாப்' என்று கூப்பிட, இவர் மட்டும் 'புத்தர்' என்பார். பஞ்சாபியில் 'மகனே' என்று அர்த்தம். முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. போதி மரத்துக்கும் கடன் பிரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தேன்!

2025 ஏப்ரலில் ஒரு நாள் ஃபிக்ஸட் டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்திருந்தார். கன்னா மண்டியில் வரத்து தொடங்கியிருந்த சமயம். ஆசியாவிலேயே பெரிய தானிய மண்டி என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இடம். அந்த நாட்களில் அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொன் நிறத்தில் குவியல் குவியலாகக் கோதுமைதான். அந்த ஆண்டு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். மேசை மேல் கிடந்த பேப்பரில் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"1973-ல் 76 ரூபாய், புத்தர். அதையும் சர்க்காருக்குத்தான் கொடுக்கணும். வியாபாரிக்குக் கொடுத்தால் குற்றம். எங்கப்பா என்ன பண்ணினார் தெரியுமா? பாதிக் கோதுமையை மாட்டுக் கொட்டகைக்குள் கொட்டி மேலே வைக்கோலைப் போட்டு மூடிவிட்டார்."

கேட்டதும் எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. லெவி நெல் அளக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் பத்தாயத்தில் இருக்கும் நெல் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறிவிடும் என்று பாட்டி சொல்வாள். அங்கே பத்தாயம், இங்கே மாட்டுக் கொட்டகை. அவ்வளவுதான் வித்தியாசம்.

76 ரூபாயின் கதை

1972-ல் பருவமழை பொய்த்தது. காரிஃப் விளைச்சல் அடி வாங்கியது. தானிய விலை ஏற ஆரம்பித்தது. அன்றைய காலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1969-ல் 14 பெரிய வங்கிகள் அரசுடைமை ஆகியிருந்தன. 1973 ஜனவரியில் பொதுக் காப்பீடு, அதே ஆண்டில் நிலக்கரிச் சுரங்கங்கள். விலை ஏற்றத்துக்குக் காரணம் பதுக்கல்காரர்கள், அவர்களை நடுவிலிருந்து எடுத்துவிட்டால் விலை தானே இறங்கும் என்ற நம்பிக்கை பலமாக இருந்தது. இந்திரா காந்தி அரசு 1973 ஏப்ரலில், ராபி அறுவடை மண்டிக்கு வரும் நேரம் பார்த்து, கோதுமையின் மொத்த வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இந்திய உணவுக் கழகமும் மாநில அரசு அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும்தான் மொத்தமாக வாங்கலாம். தனியார் மொத்த வியாபாரி வாங்கக் கூடாது.

(இடையில் ஒரு துணுக்கு. இந்திய உணவுக் கழகம் தொடங்கியது 1965 ஜனவரி 14, பொங்கலன்று. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூரில்! அப்போது மத்திய உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். இன்று கன்னாவில் கோதுமை அளக்கும் அமைப்பு நடை பழகியது காவிரிக் கரையில்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 76 ரூபாய். முந்தைய சில ஆண்டுகளாகவே அதே 76தான். அப்போதெல்லாம் அது ஒரு தாங்கு விலை மாதிரி. சந்தையில் விலை சரிந்தால் அரசு அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும், மேலே போனால் வியாபாரியிடம் விற்கலாம். 1973-ல் அதே எண் வேறு வேலை செய்தது. நேற்று வரை தரையாக இருந்தது இன்று கூரையாகிவிட்டது. எண்ணில் ஒரு பைசா மாற்றமில்லை.

உலகத்தில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? 1972-ல் சோவியத் யூனியன் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மலை மலையாகத் தானியம் வாங்கியது. அந்த ஆண்டின் நடுவில் டன்னுக்குச் சுமார் 60 டாலராக இருந்த அமெரிக்கக் கோதுமை, 1974 தொடக்கத்தில் 200 டாலரைத் தாண்டியது. அன்றைய டாலர் மதிப்பில் போட்டுப் பாருங்கள், குவிண்டாலுக்கு ஏறக்குறைய 150, 160 ரூபாய் வரும். நம் விவசாயிக்கு 76.

1972-ல் 264 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1973-ல் 247 லட்சமாகக் குறைந்திருந்தது. அரசு வாங்கத் திட்டமிட்டது சுமார் 81 லட்சம் டன். வாங்க முடிந்தது சுமார் 45 லட்சம் டன். வியாபாரியும் போட்டிக்கு இருந்த முந்தைய ஆண்டில் கிட்டத்தட்ட 50 லட்சம் டன் வாங்கியிருந்தது! போட்டியாளனை விரட்டிவிட்டுக் கடை திறந்தவனுக்குப் பழைய வியாபாரம்கூட நடக்கவில்லை. பற்றாக்குறை மாநிலங்களில் வெளிச்சந்தை விலை நூறு ரூபாயைத் தாண்டிப் போனது. கடைசியில் சோவியத் யூனியனிடமே 20 லட்சம் டன் கோதுமை கடனாக வாங்க வேண்டி வந்தது.

அடுத்து நெல்லரிசி மொத்த வியாபாரத்தையும் எடுப்பதாக ஒரு திட்டம் இருந்தது. கோதுமையில் சுட்டுக்கொண்ட கை அதைத் தொடவில்லை. 1974 மார்ச் கடைசியில் கோதுமை ஏகபோகமும் கைவிடப்பட்டது. உரிமம் பெற்ற வியாபாரி மறுபடி வாங்கலாம், வாங்கியதில் பாதியை அரசுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. கொள்முதல் விலை ஒரே தாவலில் 105 ரூபாய். ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. (நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அந்த 1974-லும் விளைச்சல் குறைவு, கொள்முதல் இன்னும் மோசம். ஆகவே எல்லாப் பழியையும் ஏகபோகத்தின் தலையில் கட்ட முடியாது.)

சர்தார்ஜி சொன்னதில் எனக்கு மறக்காத பகுதி இனிமேல்தான் வருகிறது. கொட்டகையில் மூடி வைக்க அவர் அப்பாவால் முடிந்தது. பதினைந்து ஏக்கர், கையில் கொஞ்சம் பணம், காத்திருக்கலாம். பக்கத்து நிலத்துக்காரருக்கு மூன்று ஏக்கர். கடன் இருந்தது, மகள் கல்யாணம் வேறு. ஏப்ரல் மாதமே மொத்தத்தையும் 76-க்குப் போட்டுவிட்டார்.

"குளிர்காலத்தில் அவர் வீட்டில் சாப்பாட்டுக்குக் கோதுமை தீர்ந்துபோச்சு. எங்கப்பாவிடம்தான் வாங்கிக்கொண்டு போனார். என்ன விலைக்கு என்று கேட்காதே புத்தர்" என்று சொல்லி டெபாசிட் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் கேட்கவில்லை.

பதுக்கலை ஒழிக்க வந்த சட்டம், பதுக்க இடம் இருந்தவனுக்கு லாபமாகவும் இடம் இல்லாதவனுக்கு நஷ்டமாகவும் முடிந்தது. மண்டியில் பெரிய வியாபாரி இல்லாமல் போனதும் ஊருக்குள் ஒரு சின்ன வியாபாரி முளைத்துவிட்டார். அவர் வேறு யாருமில்லை, கொஞ்சம் கூடுதல் நிலம் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்.

கனடாவில் ஒரு வாரியம்

சர்தார்ஜியின் பேரன் கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்தில் தானிய லாரி ஓட்டுகிறான். பஞ்சாபில் வீட்டுக்கு ஒருவர் கனடாவில் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. அங்கேயும் ரொம்ப நாள் கோதுமையை ஒரே ஒரு வாரியத்திடம்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததாம், கிழவர்கள் இன்னும் காபிக் கடையில் உட்கார்ந்து அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்களாம் என்று பேரன் சொன்னதாகச் சொன்னார். "நம்முடையது ஒரு வருஷம் தாங்கவில்லை. அங்கே எப்படி அத்தனை வருஷம் ஓடியது? நீதான் படித்தவனாச்சே, சொல்லேன்" என்றார்.

படித்தது பி.காம். ஆனால் அந்த பி.காம்தான் இந்த விஷயத்தில் கை கொடுத்தது.

முதலாம் ஆண்டு அக்கவுன்டன்சியில் கன்சைன்மென்ட் என்று ஒரு பாடம் வரும். காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். திருச்சியில் இருப்பவர் மதுரையில் இருக்கும் ஏஜெண்டுக்குச் சரக்கு அனுப்புகிறார். சரக்கு கை மாறினாலும் உரிமை மாறுவதில்லை. ஏஜெண்ட் ஒரு முன்பணம் கொடுப்பார். விற்று முடித்ததும் 'அக்கவுன்ட் சேல்ஸ்' என்று ஒரு கணக்கு அனுப்புவார். இன்ன விலைக்கு விற்றேன், வண்டிச் செலவு இவ்வளவு, என் கமிஷன் இவ்வளவு, மீதி இதோ. விலை ஏறினால் லாபம் அனுப்பியவருக்கு. நேர் விற்பனை அப்படியில்லை. விற்ற நிமிடமே உறவு முடிந்தது. அதற்கப்புறம் விலை ஏறினால் வாங்கினவன் அதிர்ஷ்டம்.

1973-ல் நடந்தது நேர் விற்பனை, அதுவும் கட்டாய விற்பனை. கனடிய கோதுமை வாரியம் நடத்தியது கன்சைன்மென்ட் கணக்கு.

அதன் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-ல் கனடிய அரசு ஓர் ஆண்டு அறுவடையை விற்க ஒரு வாரியம் அமைத்தது. ஒரு புஷலுக்கு, அதாவது சுமார் 27 கிலோவுக்கு, 2.15 டாலர் முன்பணம். கையில் ஒரு பங்குச் சீட்டு. விற்று முடித்துப் பாக்கியும் வந்து சேர்ந்தபோது மொத்தம் 2.63 டாலர் ஆயிற்று. விவசாயிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அரசு 1920-ல் வாரியத்தைக் கலைத்துவிட்டது. பின் வந்த ஆண்டுகளில் விலை பாதிக்கும் கீழே போனது. வாரியம் இருந்தால் நல்ல விலை என்ற எண்ணம் அந்தச் சமவெளி மக்கள் மனதில் ஆழமாக உட்கார்ந்துவிட்டது.

1923, 24-ல் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா மூன்று மாகாணங்களிலும் விவசாயிகள் தாங்களே கூட்டுறவாக 'பூல்' அமைத்து விற்றுப் பார்த்தார்கள். 1929-ல் உலகச் சந்தை சரிந்தபோது, கொடுத்த முன்பணத்தைவிட விற்கும் விலை கீழே போய்விட்டது. வங்கிக் கடனில் மாட்டிக்கொண்டார்கள். 1932 டிசம்பரில் கோதுமை புஷலுக்கு 40 சென்டுக்கும் கீழ். இந்தச் சாம்பலிலிருந்துதான் 1935-ல் ஆர். பி. பென்னட் அரசு கனடிய கோதுமை வாரியத்தை அமைத்தது. அப்போது அது கட்டாயமில்லை. விருப்பமுள்ளவர்கள் கொடுக்கலாம்.

கட்டாயமானது 1943-ல். விவசாயிக்கு நல்ல விலை வாங்கித் தரத்தான் கட்டாயமாக்கினார்கள் என்று நினைப்போம். அதுதான் இல்லை! போர்க்காலத்தில் விலை ஏறிக்கொண்டிருந்தது, அரசு விலைவாசியைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. வின்னிபெக் தானியச் சந்தையில் கோதுமை வியாபாரத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் வாரியம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். நம் 1973-க்கும் அதற்கும் நோக்கத்தில் பெரிய தூரமில்லை.

வித்தியாசம் கணக்கில் இருந்தது. விவசாயி தன் கோதுமையை எலிவேட்டர் என்ற அந்த உயரமான மரக் குதிரில் கொண்டுபோய்க் கொடுப்பார். உடனே முதல் தவணை. ஆண்டு முழுக்க வாரியம் உலகமெங்கும் விற்கும். எல்லா வரவையும் ஒரே பானையில் போட்டு, செலவைக் கழித்து, மீதியைத் தரத்துக்கும் அளவுக்கும் ஏற்பப் பிரித்துக் கடைசித் தவணையாக அனுப்பும். அக்டோபரில் கொடுத்தவருக்கும் ஜூனில் கொடுத்தவருக்கும் ஒரே சராசரி விலை. முதல் தவணையைவிடக் குறைவாக விற்க நேர்ந்தால் நஷ்டம் மத்திய அரசுக்கு. மூன்று ஏக்கர்காரனும் பதினைந்து ஏக்கர்காரனும் ஒரே விலை வாங்குகிற ஏற்பாடு இது. கொட்டகையில் மூடி வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏஜெண்ட் சொந்தமாக முடிவெடுத்தால்?

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் அங்கே எதற்குச் சண்டை? ஒரு ஏஜெண்ட் உங்களைக் கேட்காமல் உங்கள் சரக்கைத் தன் சிநேகிதனுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? 1946-ல் நடந்தது அதுதான்.

போரில் பிரிட்டன் நொடிந்திருந்தது. கனடிய அரசு அதனுடன் நான்காண்டு கோதுமை ஒப்பந்தம் போட்டது. முதல் இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 16 கோடி புஷல், விலை 1.55 டாலர். அடுத்த இரண்டு ஆண்டு 14 கோடி புஷல் வீதம், குறைந்தது 1.25, பிறகு 1.00 டாலர். விலை சரிந்தாலும் சந்தை கையில் இருக்கும் என்பது அரசின் வாதம். 1930-களைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும்.

ஆனால் விலை சரியவில்லை. உலகச் சந்தையில் இரண்டரை டாலர், ஒரு கட்டத்தில் மூன்று டாலருக்கும் மேல் போனது. கனடிய விவசாயியின் கோதுமை 1.55-க்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. பின்னிரண்டு ஆண்டு விலையை முடிவு செய்யும்போது முன்னிரண்டு ஆண்டில் விட்டுக்கொடுத்ததைக் 'கருத்தில் கொள்ள வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. விவசாயிகள் அந்த வரியை நம்பிக் காத்திருந்தார்கள். பின்னிரண்டு ஆண்டுக்கு விலை 2 டாலர் என்று முடிவானது. 1950-ல் ஒப்பந்தம் முடிந்து மிச்சத்தைக் கேட்டபோது, கருத்தில் கொண்டாயிற்று, இனித் தர ஒன்றுமில்லை என்று பிரிட்டன் கையை விரித்துவிட்டது.

(வங்கிக்காரன் என்ற முறையில் ஒரு இலவச ஆலோசனை: 'கருத்தில் கொள்ளப்படும்' என்று ஒரு பத்திரத்தில் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.)

விவசாயிகள் விடவில்லை. பிரிட்டனுக்கு உதவ வேண்டும் என்றால் நாடு முழுவதும் சேர்ந்து உதவட்டும், கோதுமை விதைத்தவன் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். கடைசியில் 1951-ல் கனடிய அரசே தன் கஜானாவிலிருந்து 6.5 கோடி டாலரை அவர்கள் கணக்கில் சேர்த்தது. புஷலுக்குப் பிரித்தால் சில சென்ட்தான். இழந்ததற்கு அது ஈடாகாது என்று அப்போதே சொன்னார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வாரியம் நிலைத்தது. விலை படுத்த ஆண்டுகளில் அது கொடுத்த பாதுகாப்பைப் பெரும்பாலானவர்கள் மறக்கவில்லை. ஆனால் முணுமுணுப்பும் நிற்கவில்லை. சட்டம் மேற்குச் சமவெளி விவசாயியைத்தான் கட்டியது, கிழக்கே ஒன்டாரியோவுக்கு அது பொருந்தாது. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் நல்ல விலை போகும்போது தன் கோதுமையைத் தானே கொண்டுபோய் விற்க ஆசைப்பட்டால், முதலில் அதை வாரியத்திடமிருந்து வாரியம் சொல்லும் விலைக்குத் திரும்ப வாங்க வேண்டும். தன் வயலில் விளைந்து தன் லாரியிலேயே இருக்கும் கோதுமையை!

1990-களில் சிலர் சட்டத்தை மீறி எல்லை தாண்டி ஓட்டிப் பார்த்தார்கள். ஒருவர் விற்கக்கூட இல்லை, மான்டானாவில் ஒரு சிறுவர் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொஞ்சம் கோதுமை கொண்டுபோனார். 2002 அக்டோபர் 31 அன்று ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரில் அவரையும் சேர்த்து 13 விவசாயிகள், அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள்.

1998-ல் சட்டத்தைத் திருத்தி, 15 இயக்குநர்களில் 10 பேரை விவசாயிகளே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கியிருந்தார்கள். சரக்குக்குச் சொந்தக்காரர்கள் ஏஜெண்டைக் கேள்வி கேட்க 55 ஆண்டு ஆயிற்று. முடிவும் விசித்திரமானது. 2011-ல் வாரியம் நடத்திய வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் கோதுமைக்கு ஏகபோகம் தொடரட்டும் என்றார்கள். ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு அதை ஏற்கவில்லை. சட்டம் நிறைவேறி 2012 ஆகஸ்ட் 1-ல் ஏகபோகம் முடிந்தது. சிறை போனவர்களுக்கு மன்னிப்பும் அறிவித்தார்கள். 2015-ல் வாரியத்தின் பெரும்பங்கு, பன்னாட்டு நிறுவனமான பங்கியும் சவூதி அரசின் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்த ஒரு கூட்டமைப்புக்குப் போனது.

அதன் பிறகு சொர்க்கமா? 2013-ல் என்றுமில்லாத விளைச்சல். அந்தக் குளிர்காலத்தில் ரயில் பெட்டி கிடைக்காமல் தானியம் தேங்கியது. துறைமுகத்தில் நல்ல விலை, வயலோரத்தில் அடிமாட்டு விலை. வாரத்துக்கு இவ்வளவு டன் ஏற்றியே தீர வேண்டும் என்று 2014 மார்ச்சில் அரசு ரயில் நிறுவனங்களுக்கு உத்தரவு போட வேண்டியதாயிற்று.

மறுபடி கன்னா மண்டி

2020-ல் இங்கே நடந்த போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வேளாண் சட்டங்கள் வந்தால் அரசுக் கொள்முதல் மெல்லக் கரைந்துவிடும் என்று பஞ்சாப் விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. 1973-ல் அரசுக்கு மட்டும்தான் விற்க வேண்டுமா என்று கோதுமையை ஒளித்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும், 2020-ல் அரசு வாங்காமல் விட்டுவிடுமோ என்று ரோட்டில் படுத்தார்கள். முரண்பாடு போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு தடவையும் கேட்டது ஒன்றுதான்: தரை வேண்டும், கூரை வேண்டாம்.

கூரை 2022-லும் வந்தது. உக்ரைன் போரால் உலக விலை ஏறியது. ஆதரவு விலை 2,015 ரூபாய், வியாபாரிகள் அதற்கு மேல் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் வாங்கிய அரசுக்கு அந்த ஆண்டு 188 லட்சம் டன்தான் கிடைத்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். மார்ச் வெயிலில் விளைச்சல் சுருங்கியிருந்தது, ரேஷனுக்குக் கோதுமை வேண்டும், மாவு விலை ஏறினால் ஏழை வீடு தாங்காது. எல்லாம் உண்மை. என் வீட்டு இருபது கிலோ மாவும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் அந்த மலிவுக்குப் பணம் கொடுத்தது யார் என்று ஒரு வங்கிக்காரன் கேட்கத்தானே வேண்டும்? ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு இருந்தாக வேண்டும். நாட்டுக்கே உதவி செய்யும் செலவை நாட்டின் கணக்கில் எழுதாமல் உழுதவன் கணக்கில் எழுதினால், அவன் வைக்கோலைத் தேடிப் போவான்.

அடுத்த தடவை சர்தார்ஜி வந்தபோது கனடா கதையை முழுக்கச் சொன்னேன். டீ ஆறிப்போகும்வரை கேட்டார். சிறைக்குப் போன 13 பேர் கதைக்குச் சிரித்தார். 1951-ல் கொடுத்த 6.5 கோடி டாலர் கதை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது போதுமானதாக இருந்ததா?"

"இல்லை சர்தார்ஜி. ரொம்பக் குறைவு."

"ஆனால் கொடுத்தார்கள்."

"ஆமாம், கொடுத்தார்கள்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க பக்கத்து நிலத்துக்காரர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு, புத்தர்" என்று சொல்லிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் லெவிக் காலத்துக் கதை, பத்தாயத்துக் கதை இருந்தால் கேட்டு எழுதுங்கள். எங்கள் பாட்டியிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டு வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.